ரொட்டிக்காரரின் கல்லறை



ரோம் நகரின் கிழக்குப் பக்கத்தில் போர்த்தா மஜ்ஜோரே என்று ஒரு பழைய வாசல் இருக்கிறது. டிராம் தண்டவாளங்கள் நாலா பக்கமும் பின்னிக் கிடக்கும் இடம். கிளாடியஸ் சக்கரவர்த்தி காலத்தில் கட்டி முடித்த நீர்க்கால்வாயின் வளைவுகள் தலைக்கு மேலே போகின்றன. அவற்றை அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணை இறக்கினால், அவற்றைவிட வயதான ஒரு கட்டடம் எதிரே நிற்கும். கோயில் என்றும் சொல்ல முடியாது, வீடு என்றும் சொல்ல முடியாது. கீழ்ப்பகுதியில் கல் உருளைகள் நெருக்கமாக நிற்கின்றன. மேல்பகுதியில் ஆள் தலை நுழையும் அளவுக்குப் பெரிய வட்டத் துளைகள், வரிசை வரிசையாக. முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் ஏதோ பழைய தொழிற்சாலையின் மிச்சம் என்றுதான் நினைப்பார்கள்.

அது ஒரு கல்லறை. கி.மு. 30-ஐ ஒட்டிக் கட்டியது. கட்டியவர் மார்கஸ் வெர்ஜிலியஸ் யூரிசாசெஸ். தொழில், ரொட்டி சுடுவது.

அது நமக்குக் கிடைத்ததே ஒரு தற்செயல். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹொனோரியஸ் சக்கரவர்த்தி காலத்தில் நகர மதிலைப் பலப்படுத்தியபோது, இந்தக் கல்லறையை உள்ளே வைத்து அதன்மேல் ஒரு கோபுரத்தை எழுப்பிவிட்டார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகள் அது கோபுரத்தின் வயிற்றுக்குள்ளேயே கிடந்தது. 1838-இல் போப் பதினாறாம் கிரிகோரி கோபுரத்தை இடிக்கச் சொன்னபோதுதான் ரொட்டிக்காரர் வெளியே வந்தார்.

சுவரில் அவர் வெட்டி வைத்த செய்தி மிகச் சுருக்கமானது. இது யூரிசாசெஸின் நினைவுச் சின்னம். அவர் ரொட்டி சுடுகிறவர், ஒப்பந்தக்காரர். இதையே பக்கத்துக்குப் பக்கம் திரும்பத் திரும்ப வெட்டியிருக்கிறார். இரண்டு பெரிய சாலைகள் பிரியும் முனையில் இருந்த இடம் அது. எந்தச் சாலையில் வந்தாலும் படிக்காமல் போக முடியாது.

இந்தக் கல்வெட்டில் எழுதாமல் விட்ட ஓர் எழுத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரோமானியர் கல்லில் பெயர் பொறிப்பதற்கு ஒரு முறை இருந்தது. சுதந்திரமாகப் பிறந்த ஆண் என்றால், பெயரின் நடுவே தந்தையின் பெயரைச் சுருக்கிப் போட்டு, அடுத்து ‘எஃப்’ என்று ஓர் எழுத்தை வெட்டுவார்கள். ஃபீலியஸ், மகன் என்று பொருள். அடிமைக்குச் சட்டப்படி தந்தை கிடையாது. அவர் விடுதலை பெற்ற பிறகு, அதே இடத்தில் பழைய எஜமானரின் பெயரைப் போட்டு ‘எல்’ என்று வெட்டுவார்கள். லிபெர்ட்டஸ், விடுவிக்கப்பட்டவர். எஜமானரின் குடும்பப் பெயரும் அவருக்கு வந்துவிடும்; அடிமையாக இருந்தபோது கூப்பிட்ட பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். யூரிசாசெஸ் என்பது கிரேக்கப் புராண வீரன் ஏஜாக்ஸின் மகன் பெயர். அடிமைகளுக்கு இப்படிக் கிரேக்கப் பெயர் வைப்பது ரோமில் சர்வ சாதாரணம். ஆகவே இவர் விடுதலை பெற்ற அடிமை என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து.

ஆனால் கல்லில் ‘எஃப்’ இல்லை, ‘எல்’லும் இல்லை. யாருடைய மகன், யாருடைய அடிமை என்று ஊரே கேட்கும் இடத்தில் அவர் எதையும் எழுதவில்லை. எழுதியது ரொட்டி சுடுகிறவர் என்பதை. நான் இந்தக் கல்லறையில் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இதுதான்.

அந்தத் துணிச்சலின் அளவு தெரிய வேண்டுமானால், மேல்தட்டு ரோம் தொழிலாளியை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கல்லறைக்குச் சில ஆண்டுகள் முன்னால், கி.மு. 44-இல், ரோமானியப் பேச்சாளர் சிசரோ தன் மகனுக்காகக் கடமைகள் பற்றி ஒரு நூல் எழுதினார். கூலிக்கு வேலை செய்வது இழிவு, பட்டறையில் சுதந்திர மனிதனுக்கு ஏற்றது எதுவும் இருக்க முடியாது என்கிறார். மீன் விற்கிறவர், இறைச்சி வெட்டுகிறவர், சமைக்கிறவர் எல்லாரையும் பெயர் சொல்லியே ஒதுக்குகிறார். பெருமைக்குரியது நிலமும் விவசாயமும்தான். இந்தப் பார்வை பணக்கணக்காகவும் சட்டத்தில் ஏறியது. அகஸ்டஸ் சக்கரவர்த்தி காலத்தில் செனட்டர் குடும்பம் என்று சொல்லிக்கொள்ளக் குறைந்தது 10 லட்சம் செஸ்டர்ஸ் என்ற காசு அளவுக்குச் சொத்து வேண்டும். அதற்கு அடுத்த குதிரைவீரர் வகுப்புக்கு 4 லட்சம். ஒரு படைவீரனின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வீரன் ஆயிரத்து நூறு ஆண்டுகள் ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால்தான் செனட்டரின் வாசற்படியை எட்ட முடியும்.

அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மாவு பிசைந்ததைப் பத்து மீட்டர் உயரக் கல்லில் எழுப்பி வைத்தார்.

அந்த வட்டத் துளைகள் மாவு பிசையும் பாத்திரங்களின் வடிவம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம். அவற்றுக்கு மேலே, கூரைக்குச் சற்றுக் கீழே, ஒரு புடைப்புச் சிற்பப் பட்டை சுற்றி ஓடுகிறது. அதில் கடவுள் இல்லை, போர் இல்லை. தானியம் வந்து இறங்குகிறது, கணக்கெழுதுகிறார்கள். கழுதைகள் திரிகையைச் சுற்றி வருகின்றன. மாவு சலிக்கிறார்கள். ஒரு பிராணி பிசையும் எந்திரத்தைச் சுழற்றுகிறது. நீண்ட மேசைகளின் முன்னால் ஆட்கள் வரிசையாக நின்று உருண்டை பிடிக்கிறார்கள். ஒருவர் நீளத் துடுப்பால் அடுப்புக்குள் ரொட்டியைத் தள்ளுகிறார். அடுத்த பக்கத்தில் பெரிய தராசு, கூடை கூடையாக ரொட்டி, அதை எடைபோட்டுப் பெறும் அதிகாரிகள். ஒப்பந்தம் நிறைவேறியது என்பதற்கு அதுவே சாட்சி. சிற்பி பட்டறைக்குள் நின்று பார்த்தவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உருண்டை பிடிக்கிறவர் உடம்பின் பாரம் முழுவதையும் கைக்குக் கொடுத்துக் குனியும் விதத்தை வீட்டில் மாவு பிசைந்த யாரும் அடையாளம் கண்டுகொள்வார்கள்.

யூரிசாசெஸின் மனைவி என்று கருதப்படும் அட்டிஸ்டியாவுக்கும் இங்கே கிடைத்த ஒரு கல்வெட்டு உண்டு. அவள் மிக நல்லவளாக வாழ்ந்தாள், அவள் உடம்பில் எஞ்சியது இந்த ரொட்டிக் கூடையில் இருக்கிறது என்கிறது அது. சாம்பல் வைத்த கலத்தை ரொட்டிக் கூடை என்று சொல்ல ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. இருவரும் சேர்ந்து நடத்திய வாழ்க்கை முழுவதும் எனக்கு அந்த ஒரு சொல்லில் தெரிகிறது.

இதுவரை யூரிசாசெஸை மனமாரப் பாராட்டினேன். இனி அந்தச் சிற்பப் பட்டையில் குனிந்து நிற்கிறவர்களைப் பார்க்க வேண்டும். டோகா என்ற நீள அங்கி குடியுரிமையின் அடையாளம். மேற்பார்வை பார்க்கிறவர்கள் அதைப் போட்டிருக்கிறார்கள். வேலை செய்கிறவர்கள் குட்டைச் சட்டையில், சிலர் வெற்று மார்போடு. இவ்வளவு பெரிய பட்டறை கூலிக்காரர்களை மட்டும் வைத்து நடந்திருக்காது. இவர்களில் பலர் அடிமைகளாகவே இருந்திருப்பார்கள். ஒருவருக்கும் பெயர் பொறிக்கவில்லை. அடிமைத்தனத்திலிருந்து மேலே வந்தவர் தானும் அடிமைகளை வாங்கினார் என்பது ரோமில் யாரையும் உறுத்தாத நடைமுறை. நம்மை உறுத்த வேண்டும்.

மாவு ஆலை என்றால் அடிமைகளுக்கே நடுக்கம். இரண்டாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் பிறந்த அப்புலேயஸ் எழுதிய நாவலில், கழுதையாக மாறிப்போன ஒருவன் மாவு ஆலைக்கு விற்கப்படுகிறான். அங்கே அவன் பார்க்கும் மனிதர்கள் நெற்றியில் சூடு போடப்பட்டவர்கள், பாதித் தலை மழிக்கப்பட்டவர்கள், காலில் விலங்கு, உடம்பெல்லாம் மாவு. கதைதானே என்று தள்ளிவிட முடியாது. 2023 டிசம்பரில், இத்தாலியின் பண்டைய ரோமானிய நகரமான பாம்பேயின் ஒன்பதாவது வட்டாரத்தில் அகழ்ந்தெடுத்த ஒரு ரொட்டிப் பட்டறையைப் பற்றி அறிவித்தார்கள். வெளியே போக அதற்குத் தனி வாசல் கிடையாது. சன்னல்கள் சிறியவை, உயரத்தில் இருப்பவை, இரும்புக் கம்பி போட்டவை. தரைக் கல்லில் வளைவு வளைவாகக் குழி வெட்டியிருக்கிறது. கண் கட்டிய கழுதைகள் ஒன்றோடொன்று மோதாமல், ஒரே தடத்தில், ஒரே சீராகக் காலை வைக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கழுதைகளோடு மனிதர்களும் நாளெல்லாம் சுற்றினார்கள். நம் ஊர்ச் செக்கைச் சுற்றி மாடு தேய்த்த தடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அதே வீட்டின் முன்பகுதிச் சுவரில் ஓர் ஓவியம் கிடைத்தது. வெள்ளித் தட்டில் தட்டை ரொட்டி, மேலே பழங்கள், பக்கத்தில் ஒயின் கிண்ணம். இத்தாலிப் பத்திரிகைகள் இதுதான் பீட்சாவின் பாட்டனா என்று கொண்டாடின. அழகான ஓவியம், மறுக்கவில்லை. ஆனால் அந்த ரொட்டியையும் கம்பிச் சன்னலையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தவை அவை.

நகரம் எப்படி இருந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏறக்குறைய பத்து லட்சம் பேர் ரோமில் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். பெரும்பாலோர் இருந்தது இன்சுலா என்னும் மாடிக் குடியிருப்புகளில். நாம் மேல்மாடியை வசதி என்கிறோம். அங்கே மின்தூக்கியும் குழாய்த் தண்ணீரும் இல்லை, தீப்பிடித்தால் மேலே இருப்பவர் இறங்கி ஓட முடியாது. அதனால் படி ஏற ஏற வறுமை கூடியது. கவிஞர் மார்ஷியல் மூன்று மாடி ஏறித்தான் தன் அறைக்குப் போக வேண்டும். கட்டடங்கள் இடிந்து விழுவது வாடிக்கையாகிவிட, அகஸ்டஸ் 70 ரோமானிய அடிக்கு மேல் எழுப்பக் கூடாது என்று தடை போட்டார். இன்றைய கணக்கில் சுமார் 20 மீட்டர். பெரும்பாலான அறைகளில் சமைக்க இடம் இல்லை. ஆகவே ரொட்டிக்காரர் இல்லாமல் நகரத்துக்கு ஒரு நாள் விடியாது.

உயிரோடு இருக்கும்போது முகம் தெரியாத இந்தக் கூட்டம் செத்த பிறகு சாலையோரம் வந்து நின்றது. நகர எல்லைக்குள் அடக்கம் செய்யச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் அப்பியா சாலை போன்ற பெருவழிகளின் இரு பக்கமும் கல்லறைகள். விடுதலை பெற்றவர்களுக்கு அவற்றில் ஒரு விருப்பமான வடிவம் இருந்தது. சன்னலில் நின்று தெருவைப் பார்ப்பதுபோல, ஒரு நீளக் கல்லில் குடும்பத்தினர் மார்பளவுக்கு வரிசையாக நிற்பார்கள். கணவனும் மனைவியும் வலது கையைக் கோத்திருப்பார்கள். அடிமைகளின் மணம் சட்டத்தில் மணமே ஆகாது. பிள்ளை எஜமானரின் சொத்து. அந்தக் கோத்த கைக்கு என்ன விலை கொடுத்தார்கள் என்று அப்போது புரியும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் லூசியஸ் அவுரேலியஸ் ஹெர்மியா என்ற இறைச்சிக் கடைக்காரரின் கல் இருக்கிறது. மனைவி அவுரேலியா பிலெமாட்டியம் அவர் கையைப் பிடித்து உதட்டருகே கொண்டுபோகிறாள். இருவரும் ஒரே எஜமானரால் விடுதலை பெற்றவர்கள். ஏழு வயதில் இவர்தான் என்னை மடியில் ஏற்றுக்கொண்டார், நாற்பது வயதில் போகிறேன் என்று அவளே பேசுவதுபோலக் கல்லில் வெட்டியிருக்கிறது. அந்த ஏழு வயது என்னை ஒவ்வொரு முறையும் கலங்கவைக்கிறது.

பணம் வந்துவிட்டால் வீடு எப்படி மாறும்? பாம்பேயில் வெட்டி வீடு என்று புகழ்பெற்ற ஒன்று, இருபது ஆண்டுப் பராமரிப்புக்குப் பிறகு 2023 ஜனவரியில் முழுமையாகத் திறந்தது. அதன் உரிமையாளர்களான அவுலஸ் வெட்டியஸ் கன்விவா, அவுலஸ் வெட்டியஸ் ரெஸ்டிட்யூட்டஸ் இருவருமே அடிமைகளாக இருந்து வந்தவர்கள் என்று கருதப்படுகிறது. வீட்டின் முன்கூடத்தில் பணப்பெட்டிகள் ஊரறிய வைக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அறையில் சிவப்புச் சுவருக்குக் கீழே கறுப்புப் பட்டை ஒன்று. அதில் சிறகு முளைத்த மன்மதக் குழந்தைகள். பொன் உருக்குகிறார்கள், வாசனைத் தைலம் வடிக்கிறார்கள், மாலை விற்கிறார்கள், ஒயின் ருசி பார்க்கிறார்கள், துணி மிதித்துத் துவைக்கிறார்கள். தூரிகை அவ்வளவு லாவகம்! பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் ஒருவருக்கும் வியர்க்கவில்லை. வேலையைப் பார்த்து மகிழலாம், வேலைக்காரரைப் பார்க்க வேண்டாம் என்று சுவரே ஏற்பாடு செய்து தருகிறது.

இதே பாம்பேயில் வெரானியஸ் ஹிப்சேயஸ் என்பவரின் சலவைப் பட்டறை இருந்தது. அதன் தூண் ஒன்றில் தீட்டியிருந்த ஓவியம் இப்போது நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அங்கே ஆட்கள் தொட்டிக்குள் நின்று துணியை மிதிக்கிறார்கள். ரோமானியச் சலவையில் அழுக்கெடுக்கப் பயன்பட்டது பழைய சிறுநீர். கால் தோல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒருவர் கொடியில் தொங்கும் துணியைத் தூரிகையால் வாருகிறார். இன்னொருவர் பெரிய கூண்டு ஒன்றைத் தலையோடு மாட்டிக்கொண்டு, கந்தகச் சட்டியைக் கையில் பிடித்து வருகிறார். துணியைக் கூண்டின்மேல் விரித்து அடியில் கந்தகப் புகை போட்டு வெளுப்பார்கள். வெட்டி வீட்டுத் தூரிகையோடு ஒப்பிட்டால் இது முரட்டு வேலை. கை கால் அளவுகள் சரியில்லை. இருந்தும் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்றலாம் என்றால் நான் இந்தத் தூணையே எடுத்துக்கொண்டு ஓடுவேன். கூண்டு எப்படிப் பின்னியது, சட்டியை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரிந்த ஒருவர் தீட்டியது இது.

இப்படிப்பட்ட கலையைத் தேர்ச்சியில்லாதவர்களின் வேலை என்று நெடுங்காலம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் இத்தாலிய அறிஞர் ரானூச்சியோ பியாங்கி பந்தினெல்லி இதைச் சாமானியர் கலை என்று தனியாகப் பெயரிட்டுப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். முக்கியமானவரைப் பெரிதாகக் காட்டுவது, எல்லாரையும் நேரே நம்மைப் பார்க்க வைப்பது, அழகைவிடச் செய்தி தெளிவாகத் தெரிவதை முதன்மையாக்குவது எல்லாம் சிறு நகரங்களிலும் கடைக்காரர் கல்லறைகளிலும் புழங்கிய வழிகள். கி.பி. 315-இல் கான்ஸ்டன்டைனுக்காக ரோமில் எழுப்பிய வெற்றி வளைவில், சக்கரவர்த்தியே தன் படத்தை இந்த முறையில்தான் செதுக்க வைத்தார். கடைத்தெருவின் பாணி அரண்மனைக்கு ஏற முன்னூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இந்தக் கதை நம் கடலையும் தொடுகிறது. சேர நாட்டு முசிறியிலிருந்து போன மிளகைச் சேர்த்து வைக்க ரோமில் டொமிஷியன் சக்கரவர்த்தி தனிக் கிடங்கே கட்டினார். அந்த வணிகத்தின் காலாக ஓடியவர்கள் அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும். அன்னியஸ் பிளோகாமஸ் என்பவர் செங்கடல் வரி வசூலைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரிடம் விடுதலை பெற்ற ஒருவர் அரேபியக் கரையோரம் போகும்போது காற்றில் சிக்கி இலங்கைக் கரையில் ஒதுங்கினார் என்று ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதுகிறார். ஆறு மாதத்தில் அந்நாட்டு மொழியில் பேசக் கற்று, அரசருடன் உரையாடினாராம். வெவ்வேறு சக்கரவர்த்திகளின் தலை பொறித்த ரோமானியக் காசுகள் எல்லாம் ஒரே எடையாக இருப்பதைக் கண்டு வியந்த அரசர், ரோமுக்குத் தூது அனுப்பினார். அந்த மனிதரின் பெயர்? பிளினி எஜமானரின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில், செங்கடல் துறைமுகத்துக்குப் போகும் வழியில், வாடி மெனிஹ் என்ற இடத்தில் வணிகர்கள் இளைப்பாறிய ஒரு பாறை நிழல் உண்டு. அங்கே கி.பி. 6-ஆம் ஆண்டு ஜூலையில் ஒருவர் கிரேக்கத்திலும் லத்தீனிலும் இரண்டு முறை தன் பெயரைக் கீறி வைத்திருக்கிறார். லிசாஸ், புப்ளியஸ் அன்னியஸ் பிளோகாமஸின் அடிமை. பிளினி சொல்லும் ஆள் இவர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த வெயிலில், அந்தப் பாறையில், இரண்டு மொழியில் பெயர் எழுதும் அளவுக்கு ஓர் அடிமைக்கு இருந்த வேட்கையைச் சொல்கிறேன்.

இன்னும் ஒரு கல்லறை மட்டும். ரோமின் துறைமுகமான ஒஸ்டியாவுக்கு அருகே ஈசோலா சாக்ரா என்ற இடுகாடு. இரண்டாம் நூற்றாண்டில் ஸ்கிரிபோனியா அட்டிசே என்ற பெண் அங்கே தனக்கும் கணவருக்கும் தாய்க்கும் சேர்த்து ஒரு கல்லறை கட்டினார். முகப்பில் இரண்டு சுடுமண் பலகைகள்.  ஒன்றில் கணவர் அமெரிம்னஸ் நோயாளியின் காலுக்கு வைத்தியம் பார்க்கிறார். மற்றதில் பிரசவ நாற்காலியில் ஒரு பெண், கைப்பிடியை இறுகப் பற்றியிருக்கிறாள். பின்னால் ஒருத்தி அவளை அணைத்துப் பிடித்திருக்கிறாள். முன்னால் தாழ்ந்த முக்காலியில் மருத்துவச்சி, கையை நீட்டியபடி. அவர்தான் அட்டிசே.

அவர் முகம் பிரசவிக்கும் பெண்ணின் பக்கம் இல்லை. நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சிற்பிக்குத் தெரியாமல் நேர்ந்த பிசகு என்று தோன்றும். ஆனால் அதே காலத்தை ஒட்டி ரோமில் வைத்தியம் பார்த்த சொரானஸ், பெண் மருத்துவ நூலில் மருத்துவச்சிக்கு ஒரு விதி சொல்கிறார்: அவள் உற்றுப் பார்க்கக் கூடாது, பார்த்தால் தாய் கூச்சத்தில் உடம்பை இறுக்கிக்கொள்வாள். அட்டிசே முகத்தைத் திருப்பிக்கொண்டு கையாலேயே வேலை பார்க்கிறார். அவர் தொழில் தெரிந்தவர் என்பதற்கு அந்தத் திரும்பிய முகமே அத்தாட்சி.

அவருடைய கல்வெட்டு அந்தக் கல்லறையைத் தன் குடும்பத்துக்கும், தான் விடுதலை செய்த ஆண்களுக்கும் பெண்களுக்கும், அவர்கள் வழித்தோன்றல்களுக்கும் திறந்து வைக்கிறது. பிறகு இரண்டு பேருக்கு மட்டும் இடம் கிடையாது என்று பெயர் சொல்லித் தடுக்கிறது: பனராட்டஸ், பிராஸ்டோசியா. திறந்த கதவுக்குள் அனுமதி பெற்ற, அவர் விடுதலை செய்த மற்றவர்கள் விடுதலை பெற்றவர்கள் என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போனார்கள். என்ன குற்றம் செய்தார்களோ, வெளியே நிறுத்தப்பட்ட அந்த இருவரையும் நாம் இன்று பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிறது.